கொழுப்பில் ஆற்றல் இருக்கிறது, மாத்திரையில் வைட்டமின் இருக்கிறது. பிறகு சோறு எதற்கு என்று கேட்கும் மாணவிக்கு என்ன பதில் சொல்வது?

கேள்வி: மேல்நிலை உயிரியல் ஆசிரியை

அனைவருக்கும் வணக்கம். நான் ஒரு மேல்நிலைப் பள்ளியில் உயிரியல் கற்பித்து வருகிறேன். சென்ற வாரம் ஊட்டச்சத்துகள் பற்றிய பாடத்தை முடிக்கும் தறுவாயில், வகுப்பிலேயே கூர்மையான ஒரு மாணவி எழுந்து, நான் கரும்பலகையில் எழுதியிருந்த எண்களைக் கொண்டே ஒரு கணக்கைப் போட்டுக் காட்டினாள். ஐம்பது கிலோ எடையுள்ள ஒருவரிடம் 12 கிலோ கொழுப்பு இருந்தால், கிராமுக்கு 9 கிலோ கலோரி வீதம் 1,08,000 கிலோ கலோரி கையிருப்பில் இருக்கிறது. நாளொன்றுக்கு 2,000 செலவானால் அது 54 நாட்களுக்கு வரும். உடலால் செய்துகொள்ள இயலாதவற்றை மாத்திரையாக விழுங்கிவிடலாம். அப்படியிருக்க மூன்று வேளையும் எதற்காகச் சாப்பிட வேண்டும் என்று கேட்டாள். ஸ்காட்லாந்தில் ஒருவர் 382 நாட்கள் உணவின்றி இருந்ததாகக் காணொளி ஒன்றில் பார்த்ததையும் சான்றாகச் சொன்னாள்.

வகுப்பு சிரித்தது. என்னால் சிரிக்க முடியவில்லை. சில மாதங்களாக அவளுடைய மதிய உணவுப் பாத்திரம் தோழியரிடம் காலியாவதைக் கவனித்து வருகிறேன். வெயில் கொளுத்தும் நாட்களிலும் ஸ்வெட்டரைக் கழற்றுவதில்லை. சமையல் காணொளிகளைப் பற்றி ஓயாமல் பேசுகிறாள். ஒரு நாள் தானே செய்த கேக்கை வகுப்புக்குக் கொண்டுவந்து எல்லோருக்கும் பரிமாறினாள், ஆனால் ஒரு துண்டுகூடத் தான் எடுத்துக்கொள்ளவில்லை. மதிப்பெண்கள் குறையவில்லை என்பதால் மற்ற ஆசிரியர்கள் யாரும் கவலைப்படவில்லை.

இரண்டு ஐயங்கள். அவளுடைய கணக்கில் பிழை எங்கே இருக்கிறது? உணவு கிடைக்காதவர்களுக்கு வரும் குவாஷியோர்கரையும் மராஸ்மஸையும் பாடமாக நடத்துகிறோம். உணவு இருந்தும் உண்ணாதவரைப் பற்றி எப்படிப் பேசுவது, குறிப்பாக அப்படி ஒருத்தி எதிரிலேயே அமர்ந்திருக்கும்போது?

பதில்: ஓய்வுபெற்ற உணவியலர்

ஆசிரியை அவர்களுக்கு வணக்கம். மருத்துவமனை ஒன்றின் உணவியல் பிரிவில் நெடுங்காலம் பணியாற்றியவள் என்ற முறையில் முதல் ஐயத்துக்கு மட்டும் பதில் எழுதுகிறேன்.

மாணவியின் பெருக்கலும் வகுத்தலும் சரியே. கொழுப்பை எந்தக் கடையிலும் செல்லுபடியாகும் பணமாக அவள் எண்ணியதில்தான் பிழை. இரத்தச் சிவப்பணுக்களில், கொழுப்பு எரியும் இடமான இழைமணிகள் (மைட்டோகாண்ட்ரியா) இல்லை. அவற்றால் கொழுப்பை எரிக்கவே இயலாது, குளுக்கோஸ் ஒன்றே அவற்றுக்கு எரிபொருள். மூளை நாளொன்றுக்குச் சுமார் 120 கிராம் குளுக்கோஸைச் செலவிடுகிறது. கல்லீரலில் இருக்கும் கிளைக்கோஜனோ ஏறத்தாழ 100 கிராம்தான்; ஒரு நாள் பட்டினியில் அது தீர்ந்துவிடும். கொழுப்பமிலங்கள் சிதைந்து உண்டாகும் அசிட்டைல் துணைநொதி ஏ-வை, குளுக்கோஸ் செய்ய உதவும் பைருவேட்டாக மீண்டும் மாற்றும் வழி மனித உடலில் இல்லாததால், கொழுப்பில் கிளிசரால் என்ற சிறு பகுதியைத் தவிர மற்றது குளுக்கோஸாகாது. எனவே உடல் தன் தசையை உடைத்து, அதன் அமினோ அமிலங்களிலிருந்து குளுக்கோஸைச் செய்துகொள்கிறது. பட்டினியின் உயிர்வேதியியலை 1960களில் பாஸ்டனில் அளந்து ஆராய்ந்த ஜார்ஜ் கேஹில், முதல் சில நாட்களில் நாளுக்கு 75 கிராம் அளவில் புரதம் கரைவதையும், கொழுப்பிலிருந்து கல்லீரல் செய்யும் கீட்டோன்களுக்கு மூளை பழகியபின் அது 20 கிராம் அளவுக்குக் குறைவதையும் காட்டினார். குறைகிறதே தவிர, நிற்பதில்லை. கொழுப்புக்குக் கிடங்கு உண்டு, புரதத்துக்குக் கிடையாது. உடலில் உள்ள புரதம் ஒவ்வொரு கிராமும் ஏதோ ஒரு வேலையில் இருக்கிறது, இதயத்தின் சுவரிலும் உதரவிதானத்திலும் உள்ளது உட்பட.

அந்த 382 நாள் செய்தி உண்மையே. 1965, 66ஆம் ஆண்டுகளில் டண்டீ நகரில் நடந்தது. ஆனால் அவர் தொடங்கும்போது 207 கிலோ எடை இருந்தார். மருத்துவர்கள் இரத்தத்தைத் தொடர்ந்து சோதித்து, பொட்டாசியம், சோடியம், வைட்டமின்கள், ஈஸ்ட் ஆகியவற்றைக் கொடுத்து வந்தனர். அதே காலத்தில் அதே வகைச் சிகிச்சைக்கு உட்பட்ட 20 வயதுப் பெண் ஒருவர், பட்டினி முடிந்து உணவு தொடங்கிய நாட்களில் இறந்துபோனதையும், அவருடைய இதயத் தசையிழைகள் சிதைந்திருந்ததையும் 1969ஆம் ஆண்டு லான்செட் மருத்துவ இதழ் வெளியிட்டது. காணொளி செய்தவர்கள் அந்தப் பெண்ணைப் பற்றிச் சொல்லியிருக்க மாட்டார்கள்.

மாத்திரையைப் பற்றிய பகுதிக்கு வருகிறேன். இன்றியமையாத ஊட்டச்சத்து என்று பாடநூலில் வரும்போது, மாணவர்கள் அதை மிக முக்கியமானது என்று பொருள்கொள்கிறார்கள். ஊட்டவியலில் அது ஒரு கலைச்சொல்: உடலால் போதிய அளவில் செய்துகொள்ள முடியாததால் உணவிலிருந்தே வந்தாக வேண்டியது என்பதே அதன் பொருள். அந்தப் பட்டியலில் 13 வைட்டமின்களும் தாதுக்களும் மட்டும் இல்லை. ஒன்பது அமினோ அமிலங்களும் இரண்டு கொழுப்பமிலங்களும் இருக்கின்றன. கொழுப்பு வெறும் எரிபொருள் என்றே 1929 வரை அறிவியலாளர்களும் எண்ணியிருந்தனர். கொழுப்பை முற்றிலும் நீக்கிய உணவில் வளர்ந்த எலிகளின் தோல் செதில் செதிலாக உரிந்து வளர்ச்சி குன்றுவதை மினசோட்டா பல்கலைக்கழகத்தில் ஜார்ஜ் பர், மில்ட்ரெட் பர் தம்பதியர் அவ்வாண்டு காட்டிய பிறகே லினோலிக் அமிலம் என்ற கொழுப்பமிலம் இன்றியமையாதது என்பது தெரியவந்தது. எண்ணெய் ஒரு சொட்டும் கூடாது என்று அஞ்சும் பிள்ளைகளுக்கு இந்த எலிகளின் கதையை நான் சொல்வதுண்டு.

வைட்டமின் பெரும்பாலும் நொதிகளுக்குத் துணைநிற்பது. தீக்குச்சியே தவிர விறகு அன்று. சேமிப்பும் ஒன்றுக்கொன்று வேறுபடும். பி12 கல்லீரலில் சில ஆண்டுகளுக்கு இருக்கும், வைட்டமின் ஏ சில மாதங்களுக்கு வரும், தயமின் என்ற பி1 இரண்டு மூன்று வாரங்களில் தீர்ந்துவிடும். தயமின் குறைவால் வரும் பெரிபெரியைக் குன்னூரில் ஆராய்ந்த ராபர்ட் மெக்காரிசன் காலத்திலேயே, நெல்லைப் புழுக்கிக் குத்தி உண்ணும் பகுதிகளில் அந்நோய் அரிது என்பதும், தீட்டிய பச்சரிசி உண்ட வட சர்க்கார் மாவட்டங்களில் (இன்றைய ஆந்திரக் கடலோரப் பகுதி) அது இருந்தது என்பதும் அறியப்பட்டிருந்தன. புழுக்கும்போது தவிட்டிலுள்ள தயமின் அரிசியின் உள்ளே இறங்கிவிடுகிறது. அவர் தொடங்கிய அந்தச் சிறு ஆய்வுதான் பின்னாளில் ஐதராபாத்துக்கு இடம்பெயர்ந்து தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாயிற்று. அமினோ அமிலங்களில், அரிசியில் லைசின் குறைவு, பருப்பில் மெத்தியோனின் குறைவு, இரண்டும் சேரும்போது ஒன்றின் குறையை மற்றது நிரப்புகிறது. இட்லியும் பொங்கலும் பருப்புச் சோறும் அந்த வகையில் நல்ல ஏற்பாடுகள். மாவுச்சத்தே ஆகாது என்று சோற்றை மட்டும் ஒதுக்குவதற்கு உயிரியலில் ஆதரவு இல்லை.

பதில்: மனநல மருத்துவர்

மேலே எழுதிய அம்மையார் உடலைப் பற்றித் தெளிவாகச் சொல்லிவிட்டார். ஸ்வெட்டரும், சமையல் காணொளியும், தான் தின்னாத கேக்கும் என்னை எழுதத் தூண்டின. இவை மூன்றும் ஒரே இடத்தைச் சுட்டுகின்றன.

1944ஆம் ஆண்டு நவம்பரில், மேற்கூறிய அதே மினசோட்டா பல்கலைக்கழகத்தில், விளையாட்டரங்கின் அடியில் இருந்த ஆய்வகத்தில் ஆன்செல் கீஸ் ஓர் ஆய்வைத் தொடங்கினார். போர் முடிந்ததும் ஐரோப்பாவில் பட்டினியால் வாடுவோருக்கு எப்படி உணவளிப்பது என்பதை அறிவதே நோக்கம். மனச்சான்றின் பேரில் படையில் சேர மறுத்த 36 இளைஞர்கள் தாமாக முன்வந்தனர். உடலும் மனமும் நலமாக இருந்தவர்களே தேர்ந்தெடுக்கப்பட்டனர். மூன்று மாதங்கள் நிறைவாக உண்டபின், 24 வாரங்களுக்கு அவர்களுடைய உணவு பாதியாகக் குறைக்கப்பட்டு, சராசரியாக நாளுக்கு 1,570 கிலோ கலோரி அளவில் கொடுக்கப்பட்டது. இன்று இணையத்தில் உலவும் பல எடைக்குறைப்பு அட்டவணைகளைவிட இது அதிகம் என்பதைக் கவனியுங்கள்.

எடையில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு போயிற்று. அடிப்படை வளர்சிதைமாற்றம் சுமார் 40 விழுக்காடு இறங்கியது. நாடித்துடிப்பு நிமிடத்துக்கு 35 அளவுக்கு வந்தது. கோடையிலும் போர்வை கேட்டார்கள். உடலைவிட மனத்தில் நிகழ்ந்த மாற்றம்தான் கீஸையே வியக்க வைத்தது. அதுவரை சமையலில் அக்கறையே இல்லாதவர்கள் சமையல் குறிப்பு நூல்களை வாங்கிச் சேர்த்தார்கள். சிறிய உணவை மணிக்கணக்கில் பிசைந்து, நீரூற்றிப் பெருக்கி, தட்டை நக்கினார்கள். நண்பர்களை விட்டு விலகினார்கள், எரிந்து விழுந்தார்கள், சிலர் மனச்சோர்வில் ஆழ்ந்தார்கள். உணவைத் தவிர வேறு நினைவே இல்லை என்று சொன்னார்கள். மெலிய வேண்டும் என்ற ஆசை அவர்களில் ஒருவருக்கும் இருந்ததில்லை. பட்டினியே அந்த நடத்தையை உண்டாக்கியது.

எனவே அனோரெக்ஸியா என்ற உண்ணல் கோளாறு உள்ள ஒரு பிள்ளையிடம் நாம் பிடிவாதம் என்றும் குணக்கேடு என்றும் காண்பவற்றில் பெரும்பகுதி, பட்டினி கிடக்கும் எந்த மனித மூளையும் செய்யக்கூடியதே. தொடங்கி வைத்தது வேறு ஏதேனுமாக இருக்கலாம்: ஓர் உணவுக் கட்டுப்பாடு, ஒரு காய்ச்சல், தேர்வு நெருக்கடி, யாரோ சொன்ன ஒரு சொல். மரபுக்கும் பங்கு உண்டு. 2019இல் வெளியான பெரிய மரபணு ஆய்வொன்று இந்நோயுடன் தொடர்புடைய எட்டு இடங்களை மரபுத்தொகுதியில் கண்டறிந்தது, அவற்றில் சில மனநோய்களோடு மட்டுமல்லாமல் வளர்சிதைமாற்றத்தோடும் உறவுடையவை. ஆயினும் ஒருமுறை எடை இறங்கிவிட்டால், தொடங்கிய காரணம் எதுவாயினும், பட்டினி தன்னைத் தானே நடத்திக்கொள்கிறது. இரைப்பை மெதுவாகக் காலியாவதால் இரண்டு கவளத்திலேயே வயிறு நிறைந்ததுபோல் இருக்கிறது. அந்த நிறைவு, நான் அதிகம் தின்றுவிட்டேன் என்ற அச்சத்துக்குச் சான்றாகிறது.

பெயரே நம்மை வழிதவற வைக்கிறது. 1873இல் இலண்டனில் வில்லியம் கல், பாரிஸில் லசேக் இருவரும் ஏறத்தாழ ஒரே நேரத்தில் இந்நோயை விவரித்தனர். கல் அதற்கு அனோரெக்ஸியா நெர்வோசா என்று பெயரிட்டார். அனோரெக்ஸியா என்றால் கிரேக்கத்தில் பசியின்மை. இந்த நோயாளிகளுக்குப் பசி இல்லாமலில்லை; பெரும்பாலோர் பசியோடு இடைவிடாமல் போராடிக்கொண்டிருக்கிறார்கள். அளவுமீறி உண்டபின் அதை ஈடுகட்ட முயலும் புலிமியாவை 1979இல்தான் ஜெரால்டு ரஸ்ஸல் தனியே விவரித்தார்; அங்கே எடை இயல்பாகவே இருக்கலாம் என்பதால் வீட்டார் ஆண்டுக்கணக்கில் அறிவதில்லை, ஆனால் பொட்டாசியம் இழப்பால் இதயத் துடிப்பு தடுமாறக்கூடும், பல்லின் எனாமல் தேயும். ஆண்பிள்ளைகளுக்கும் இவை வருகின்றன. உடற்பயிற்சிக்கூட உணவுமுறை என்ற பெயரில் மறைந்துகொள்கின்றன.

மாணவியிடம் கணக்கை வாதாடி வெல்ல முயலாதீர்கள். தனியே அழைத்து, நீங்கள் கண்டவற்றை மட்டும் சொல்லுங்கள்: குளிர்கிறது போலும், மதியம் சாப்பிடுவதில்லை, எனக்குக் கவலையாக இருக்கிறது. எடையைப் பற்றியோ தோற்றத்தைப் பற்றியோ, நல்லவிதமாகக்கூட, ஒரு சொல்லும் வேண்டாம். அடுத்து, தாமதிக்காமல் பெற்றோரிடம் பேசுங்கள். அவளிடம் சொல்லிவிட்டே பேசுங்கள்.

பதில்: ஒரு தந்தை

இங்கே எழுதலாமா என்று இரண்டு நாட்கள் யோசித்தேன். என் மகளுக்கு 16 வயதில் இந்நோய் வந்தது. அது நோய் என்று நாங்கள் அறிய எட்டு மாதங்கள் ஆயின.

முதலில் இரவில் சோற்றை விட்டாள், பிறகு எண்ணெயை, பிறகு தோசையை. ஒரு திருமண வீட்டில் உறவினர் மூவர் அடுத்தடுத்து வந்து, இளைத்து அழகாகிவிட்டாய் என்று பாராட்டினார்கள். அருகில் நின்று நானும் சிரித்துக்கொண்டிருந்தேன். வயிறு உப்புசமாக இருக்கிறது, நெஞ்சு கரிக்கிறது என்று அவள் சொன்னதால் வயிற்று மருத்துவரிடம் அழைத்துப் போனோம். அமிலத்தைக் குறைக்கும் மாத்திரைகளைத் தந்தார்கள். இரத்தப் பரிசோதனை முடிவுகள் எல்லாம் இயல்பாகவே வந்தன. அந்தத் தாளைக் காட்டியே நான் அவளைத் திட்டினேன்: உடம்பில் ஒன்றும் இல்லை, உனக்குத் திமிர்தான். பட்டினியில் உடல் கடைசிவரை இரத்தத்தின் அளவுகளைக் காப்பாற்றிக்கொள்ளும் என்பதையும், இயல்பான அறிக்கை நலத்துக்குச் சான்று ஆகாது என்பதையும் பிறகுதான் ஒரு மருத்துவர் எனக்குச் சொன்னார்.

பள்ளிப் படிக்கட்டில் மயங்கி விழுந்த அன்று நாடித்துடிப்பு 42. சேர்த்துக்கொண்டார்கள். வந்துவிட்டோம், இனி வயிறார ஊட்டிவிடுவார்கள் என்று நினைத்தேன். அவர்களோ முதலில் தயமின் கொடுத்து, மிகக் குறைந்த அளவில் உணவைத் தொடங்கி, தினமும் இரத்தத்தில் பாஸ்பேட்டையும் பொட்டாசியத்தையும் அளந்தார்கள். எலும்பும் தோலுமாய்க் கிடப்பவளுக்குக் கஞ்சியைக்கூட அளந்தா கொடுப்பீர்கள் என்று செவிலியரிடம் சத்தம் போட்டேன். அவர்கள் பொறுமையாக விளக்கினார்கள்: நெடுநாள் பட்டினிக்குப் பின் திடீரென மாவுச்சத்து சேரும்போது இன்சுலின் சுரந்து, இரத்தத்தில் எஞ்சியிருக்கும் பாஸ்பேட்டை உயிரணுக்களுக்குள் இழுத்துக்கொள்ளும், அப்போது இதயமே நின்றுபோகக்கூடும். உலகப்போர் முடிந்து சிறை முகாம்களிலிருந்து மீண்டவர்களில் பலர் நிறைய உண்டபின் இறந்ததிலிருந்து மருத்துவம் கற்றுக்கொண்ட பாடம் அது என்றார்கள். அதன்பின் நான் வாயைத் திறக்கவில்லை.

வீட்டுக்கு வந்தபின்தான் உண்மையான சிகிச்சை தொடங்கியது. இலண்டன் மாட்ஸ்லி மருத்துவமனையில் 1980களில் உருவான குடும்பவழிச் சிகிச்சை முறையை எங்கள் மருத்துவர் பின்பற்றினார். என்ன உண்பது, எவ்வளவு உண்பது என்ற முடிவைச் சில மாதங்களுக்கு அவளிடமிருந்து பெற்றோராகிய நாங்கள் எடுத்துக்கொண்டோம். மூன்று வேளை உணவு, மூன்று வேளை சிற்றுண்டி, ஒவ்வொன்றுக்கும் எங்களில் ஒருவர் அருகில் அமர்ந்திருந்தோம். ஒரு டம்ளர் பாலுக்கு ஒன்றரை மணி நேரம் ஆன நாட்கள் உண்டு. தட்டு பறந்த நாளும் உண்டு. என் மனைவி ஊதியமில்லா விடுப்பு எடுத்தார். நான் மதியம் வீட்டுக்கு வந்து போனேன். யாரால் வந்தது என்று தேடாதீர்கள், இப்போது அடுத்த வேளையைப் பாருங்கள் என்று மருத்துவர் சொன்ன ஒன்றையே பிடித்துக்கொண்டு அந்த மாதங்களைக் கடந்தோம்.

ஒன்பது மாதங்களுக்குப் பின் மாதவிடாய் திரும்பியது. எலும்பின் அடர்த்தி வயதுக்குரிய அளவைவிடக் குறைவாகவே இருக்கிறது. அதற்கு இன்னும் காலம் ஆகும் என்கிறார்கள். சில வாரங்களுக்கு முன் அவள் என்னிடம், அந்த நாட்களில் நீங்கள் கெஞ்சும்போதெல்லாம் எனக்கும் சாப்பிட வேண்டும் என்றுதான் இருந்தது, விடவில்லை என்றாள். எது விடவில்லை என்று நான் கேட்கவில்லை.

பதில்: ஒரு வாசகர்

தந்தையாருக்கு என் ஆறுதல்கள். எனினும் ஒன்று கேட்கத் தோன்றுகிறது. நம் பாட்டிமார் ஏகாதசிக்கும் சஷ்டிக்கும் உண்ணாமல் இருந்தார்கள். கந்த சஷ்டியில் ஆறு நாட்கள் பாலும் பழமுமாக இருப்பவர்கள் இன்றும் உண்டு. அவர்களுக்கு எந்த நோயும் வந்ததாகத் தெரியவில்லை. இது கைப்பேசியும் மேலைநாட்டு அழகுணர்வும் கொண்டுவந்த நோய். கைப்பேசியைப் பிடுங்கிவிட்டால் சரியாகிவிடாதா?

பதில்: மனநல மருத்துவர்

கேள்வி நியாயமானதே. ஏகாதசி விரதத்துக்கு மறுநாள் துவாதசியில் பாரணை உண்டு. விரதத்தை முடித்து உண்பதும் விரதத்தின் ஒரு பகுதியாகவே விதிக்கப்பட்டிருக்கிறது. நான் காணும் பிள்ளைகளுக்குப் பாரணை வருவதில்லை. இன்னும் சொன்னால், வாரத்தில் ஒரு நாள் இருந்த விரதம் மூன்று நாளாகி, வீட்டார் பக்தி என்று மகிழ்ந்துகொண்டிருந்தபின் என்னிடம் வந்தவர்களும் உண்டு.

மேலைநாட்டு நோய் என்பது பற்றி: ஹாங்காங்கில் 1990களில் சிங் லீ என்ற மருத்துவர், பருமனாகிவிடுவோம் என்ற அச்சமே இல்லாமல், வயிறு நிறைந்திருக்கிறது, உண்ணப் பிடிக்கவில்லை என்று மட்டும் சொல்லிப் பட்டினியில் மெலிந்த பெண்களைப் பற்றி எழுதினார். இந்தியாவிலிருந்தும் அத்தகைய நோயாளிகள் மருத்துவ இதழ்களில் பதிவாகியுள்ளனர். தந்தையார் எழுதியதுபோல, நம் ஊரில் இந்நோய் முதலில் வயிற்று மருத்துவரின் வாசலில்தான் நிற்கிறது. அங்கே கண்டுபிடிக்கப்படாமல் போவதால் நம்மிடம் இல்லை என்று எண்ணிக்கொள்கிறோம். கைப்பேசி நெருப்பை விசிறலாம். அதைப் பிடுங்கினால் நாடித்துடிப்பு ஏறாது.

மாதவிடாயைப் பற்றி ஆசிரியைக்கு ஒரு குறிப்பு, வகுப்பில் சொல்ல உதவும். கொழுப்புத் திசு ஒரு சுரப்பியும்கூட. அது சுரக்கும் லெப்டின் என்ற ஹார்மோனை 1994இல் ஜெஃப்ரி ஃப்ரீட்மன் குழுவினர் கண்டறிந்தனர். கொழுப்பு குறையும்போது லெப்டின் குறைகிறது, மூளையின் ஒரு பகுதியான ஹைபோதலாமஸ் இனப்பெருக்க ஹார்மோன்களின் சமிக்ஞையை நிறுத்துகிறது, ஈஸ்ட்ரோஜன் இறங்குகிறது, எலும்பு சேரவேண்டிய வயதில் சேராமல் போகிறது. மாணவி கையிருப்பு என்று எண்ணிய 12 கிலோ, மூளையோடு நாள்தோறும் பேசிக்கொண்டிருக்கும் ஓர் உறுப்பு.

மேல்நிலை உயிரியல் ஆசிரியை

அனைவருக்கும் நன்றி. வியாழக்கிழமை அவளைத் தனியே அழைத்துப் பேசினேன். கணக்கைப் பற்றி ஒன்றும் சொல்லாமல், குளிர்கிறதா என்று மட்டும் கேட்டேன். அழுதாள். தாயாரிடம் நான் பேசப்போவதையும் சொன்னேன். கோபப்பட்டாள், ஆனால் வேண்டாம் என்று சொல்லவில்லை. தாயார் முதலில் தேர்வு முடியட்டும் என்றார். மயங்கி விழுந்த பெண்ணின் தந்தை எழுதியதைப் பெயர் குறிப்பிடாமல் சொன்னபின், திங்கட்கிழமை மருத்துவரிடம் அழைத்துச் செல்வதாக ஒப்புக்கொண்டார். அவசரமாகப் பேச யாருமில்லாவிட்டால் மனநல ஆலோசனைக்கு டெலிமானஸ் எண் 14416 இருக்கிறது என்பதையும் எழுதிக் கொடுத்தேன்.

இன்னொரு செய்தியை வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன். ஒரு வாரம் தாம் உண்டவற்றை எழுதி, கலோரியைக் கூட்டி, உடல் நிறை குறியீட்டெண்ணோடு சமர்ப்பிக்க வேண்டும் என்று இந்த வகுப்புக்குச் செயல்திட்டம் கொடுத்தவள் நானே. அவளுடைய குறிப்பேடு மற்றவர்களுடையதைவிட மிக நேர்த்தியாக இருந்தது. முழு மதிப்பெண் போட்டிருந்தேன். அதற்குப் பதிலாக என்ன கொடுக்கலாம்? மருத்துவரிடம் தாயார் என்னென்ன கேட்க வேண்டும்?

பதில்: ஓய்வுபெற்ற உணவியலர்

உங்களை நொந்துகொள்ளாதீர்கள், அந்தச் செயல்திட்டம் பல பள்ளிகளில் இருக்கிறது, நானே ஒரு காலத்தில் அதற்கு அட்டவணை தயாரித்துக் கொடுத்திருக்கிறேன். கலோரியும் எடையும் இல்லாமலே பாடத்தை நடத்தலாம். ஒவ்வொருவர் வீட்டிலும் தானியமும் பருப்பும் சேரும் உணவுகளைத் தொகுத்து, எதில் எந்த அமினோ அமிலம் நிறைகிறது என்று எழுதச் சொல்லுங்கள். அல்லது கீரையில் உள்ள இரும்பு எலுமிச்சைச் சாற்றோடு ஏன் நன்றாக உறிஞ்சப்படுகிறது, உணவோடு சேர்த்துத் தேநீர் குடித்தால் ஏன் குறைகிறது என்று ஆராயச் சொல்லுங்கள். நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 57 விழுக்காட்டினருக்கு இரத்தசோகை இருப்பதாக ஐந்தாம் தேசியக் குடும்பநல ஆய்வு சொல்லும்போது, நம் வகுப்புகளுக்கு அது கலோரியைவிட நெருக்கமான பாடம்.

மினசோட்டா ஆய்வையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அதன் மீட்புக் கட்டத்தில் சிலருக்கு வைட்டமின் மாத்திரைகளைக் கூடுதலாகக் கொடுத்துப் பார்த்தார்கள். குறிப்பிடத்தக்க பயன் இல்லை. உணவின் அளவைக் கூட்டியபோதுதான் தேறினார்கள். மாணவியின் கேள்விக்கு நேரான விடை அதுவே, ஆனால் அவள் தேறியபின் சொல்லலாம்.

திங்கட்கிழமைக்கு: நாடித்துடிப்பைப் படுத்த நிலையில் எடுக்கச் சொல்லுங்கள், பகலில் விழித்திருக்கும்போதே 50க்குக் கீழே இருந்தால் அன்றே மருத்துவமனையில் சேர்ப்பதைப் பற்றிப் பேச வேண்டும். இரத்த அழுத்தத்தைப் படுத்திருக்கும்போது ஒருமுறையும் எழுந்து நின்றபின் ஒருமுறையும் பார்க்க வேண்டும். இதய மின்வரைபடம், பொட்டாசியம், பாஸ்பேட், மக்னீசியம். கடைசியாக மாதவிடாய் வந்த தேதியைத் தாயார் குறித்து வைத்துக்கொள்ளட்டும், மகளின் முன்னால் கேட்டுத் தடுமாற வேண்டாம். எடை பார்க்கும்போது எண் அவளுக்குத் தெரியாதபடி திரும்பி நிற்கச் சொல்லலாம். பல மருத்துவர்கள் அதற்கு இசைவார்கள். மருத்துவரைப் பார்க்கும்வரை, பயந்துபோய் வீட்டில் திடீரென்று நிறைய ஊட்ட முயல வேண்டாம் என்பதை மட்டும் இன்றிரவே தாயாரிடம் சொல்லிவிடுங்கள்.